செப்டம்பரில் கிரேல்: ஸ்காட்லாந்தின் ஒரு மீனவக் கிராமத்தில் நான்கு நாள் தங்க முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்து என்றதும் நம் ஆட்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். எடின்பரோ கோட்டை, லாக் நெஸ் ஏரி, ஸ்கை தீவு. மூன்றையும் ஐந்து நாளில் முடித்துவிட்டு, பாதி நேரம் வேன் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே ஊர் திரும்புவார்கள். அந்தத் திட்டத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரே ஒரு கடலோரக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நான்கு நாள் தங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சொல்லும் ஊர் கிரேல். எடின்பரோவுக்கு வடகிழக்கே, ஃபோர்த் கழிமுகத்தைத் தாண்டி ஃபைஃப் என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் கிழக்கு மூலைக்கு ஈஸ்ட் நியூக் என்று பெயர். ஈலி, செயின்ட் மொனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரத்தர், கிரேல் என மீன்பிடி ஊர்கள் அங்கே கடலோரமாக வரிசையாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்தே போகலாம். மேற்குக் கரையின் மலை அழகு இங்கே கிடையாது. ஆனால் மழை குறைவு, போக்குவரத்து எளிது, மேற்கில் ஆளைப் பிய்த்து எடுக்கும் மிட்ஜ் என்ற பொடிக்கொசுத் தொல்லையும் அநேகமாக இல்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு இந்தப் பக்கம்தான் சரி.

தேதியைத் தேர்ந்தெடுப்பது

ஆகஸ்ட் முழுக்க எடின்பரோவில் கலைவிழாக் காலம். அறை வாடகையைக் கேட்டாலே மயக்கம் வரும். ஆகஸ்ட் முடிந்ததும் அந்த நெரிசல் வடிந்துவிடும். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுவதால் செப்டம்பரில் குழந்தைகளோடு வரும் உள்ளூர்க் கூட்டமும் குறைவு. கடலோ கோடைச் சூட்டை இன்னும் விட்டிருக்காது. இங்கே கடல் நீர் வருடத்திலேயே அதிகச் சூடாக இருப்பது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும்தான். சூடு என்றால் 13, 14 டிகிரி. மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்கள் அலற வேண்டியிருக்கும்.

பகல் வெப்பம் 16 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 9, 10க்கு இறங்கும். செப்டம்பர் தொடக்கத்தில் இரவு எட்டு மணி வரை வெளிச்சம் உண்டு. மாதக் கடைசியில் ஏழுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒரே மாதத்தில் மாலைப் பொழுது ஒரு மணி நேரத்துக்கு மேல் சுருங்கிவிடுகிறது என்பதால் மாதத்தின் முதல் மூன்று வாரங்களுக்குள் வருவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில் விழும். அதே சமயத்தில்தான் பக்கத்து ஊரான செயின்ட் ஆன்ட்ரூஸை மையமாக வைத்து டன்ஹில் லிங்க்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டி நடக்கும். அந்த வாரம் சுற்றுவட்டாரம் முழுக்க அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். போட்டித் தேதியைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் செயின்ட் ஆன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களும் பெற்றோரும் வந்து இறங்குவார்கள். அந்த நெரிசல் கிரேல் வரை அவ்வளவாக எட்டுவதில்லை.

தினசரி காலண்டரைக் கையில் எடுங்கள்

இந்தப் பயணத்தில் மழையைவிட முக்கியமானது கடல் ஏற்றமும் வற்றமும். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ஃபோர்த் கழிமுகத்தில் அது ஐந்து மீட்டர் வரை போகும். கிரேல் துறைமுகம் வற்றத்தில் முழுசாகக் காய்ந்துவிடும். படகுகள் சேற்றுமணலில் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கும், சுவரில் பாசி படிந்த ஏணிகள் அடிவரை தெரியும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தால் தண்ணீர் சுவர் உயரத்துக்கு நிற்கும். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட துறைமுகம் இந்த இரண்டாவது காட்சிதான்.

நேர அட்டவணையை பிரிட்டிஷ் கடற்படை நீரியல் அலுவலகம் ஈஸிடைட் என்ற இணையச் சேவையில் இலவசமாகத் தருகிறது, ஆனால் ஏழு நாளுக்கு மட்டும்தான். மாதக்கணக்கில் முன்னதாகத் திட்டம் போட நம் வீட்டுத் தினசரி காலண்டரே போதும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாட்களில் ஏற்ற வற்றம் மிகப் பெரியதாக இருக்கும். இந்தக் கரையில் அந்த நாட்களில் காலை 9, 10 மணிவாக்கில் நல்ல வற்றமும், பிற்பகல் 3, 4 மணிவாக்கில் ஏற்றமும் வரும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழ். ஏற்றம் காலையில், வற்றம் பிற்பகலில், அதுவும் மந்தமாக. பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் 22, 23ஐ ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமிகளில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறி, அதிகமாக வற்றும்.

ஆக, காலையில் பாறைகளில் நடக்க வேண்டும், பிற்பகலில் தண்ணீர் நிறைந்த துறைமுகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி நான்கு நாள் எடுங்கள். வெறுமனே கடற்கரைப் பாதையில் நடந்தால் போதும் என்பவர்களுக்கு எந்தத் திதியும் சரிதான்.

விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா வேண்டும். வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்கவே முடியும், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். செப்டம்பர் பயணத்துக்கு ஜூன் கடைசியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டாம், ஈடிஏ என்ற மின் அனுமதி போதும். அதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள்.

தங்குமிடம்

கிரேலில் பெரிய ஹோட்டல்கள் கிடையாது. காலை உணவோடு அறை தரும் வீடுகள், சில சிறிய விடுதிகள், நாமே சமைத்துக்கொள்ளும் குடில் வீடுகள், அவ்வளவுதான். இந்த வீடுகளைக் கோடையில் பல பேர் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் தருவார்கள். செப்டம்பரில் மூன்று, நான்கு இரவுக்கும் இறங்கி வருவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கேட்டுப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தில் இப்படிக் குறுகிய காலத்துக்கு விடும் வீடுகளுக்கு உரிமம் கட்டாயம். விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டாம். விசா வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் இடமாகவே எடுங்கள்.

துறைமுகத்தை ஒட்டிய வீடா, மேலே கடைத்தெருவுக்குப் பக்கத்து வீடா என்று கேட்டால், அம்மா அப்பாவைக் கூட்டி வருகிறவர்களுக்கு மேலே உள்ளதே நல்லது. துறைமுகத்துக்கு இறங்கும் ஷோர்கேட் தெரு செங்குத்தானது, மழை பெய்தால் கல் வழுக்கும். பழைய வீடுகளில் மாடிப்படி ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும் என்பதால் படுக்கையறை எந்த மாடியில் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சமையலறை உள்ள வீட்டைத்தான் நான் சொல்வேன். சாம்பார்ப் பொடி, புளி, பெருங்காயம் எல்லாம் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பால் பொருள்களையும் இறைச்சியையும் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் எடுத்து வரக் கூடாது. நெய், பால்கோவாவும் இதில் அடக்கம். அரிசி, பருப்பை எடின்பரோவில் வாங்கிக்கொள்ளுங்கள். கிரேலில் இருப்பது சின்ன கடைகள்தான். இன்னொன்று: ஸ்காட்லாந்தில் எல்லா வீட்டிலும் புகை, வெப்ப எச்சரிக்கை மணிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் சட்டம். கடுகும் மிளகாயும் தாளிக்கும்போது ஒன்று அலறினால் வீடு முழுக்க அலறும். சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்பை மிதமாக வைத்துத் தாளியுங்கள்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து எடின்பரோவுக்கு நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய், லண்டன் இவற்றில் ஒன்றில் மாற வேண்டும். லண்டனில் சொந்தக்காரர்கள் இருந்தால் இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு, கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் வருவது சுகம். நாலரை மணி நேரத்தை ஒட்டி ஆகும், நியூகாஸிலைத் தாண்டியதும் கடல் எட்டிப் பார்க்கத் தொடங்கும்.

நீண்ட விமானப் பயணம் என்றால் முதல் இரவு எடின்பரோவில் தங்கி மறுநாள் கிளம்புங்கள். 2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்குவதற்கு அறைக் கட்டணத்தில் 5 சதவீதம் சுற்றுலா வரி உண்டு. ஒரு இரவுக்கு அது பெரிய தொகை ஆகாது.

கிரேலுக்கு ரயில் கிடையாது. இந்தக் கடலோர ரயில்பாதையை 1965இல் மூடிவிட்டார்கள். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் செயின்ட் ஆன்ட்ரூஸ், பிறகு 95ஆம் எண் பஸ்ஸில் கிரேல். இன்னொன்று லெவன் வரை ரயில், அங்கிருந்து அதே 95. லெவன் ஊருக்கு 1969இல் நின்றுபோன ரயில், 55 வருடம் கழித்து 2024 ஜூனில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. முதல் வழி கொஞ்சம் வேகம். நான் இரண்டாவதைச் சொல்வேன், ஏனென்றால் லெவனிலிருந்து வரும் 95 மேலே சொன்ன மீன்பிடி ஊர்களுக்குள் எல்லாம் புகுந்து புகுந்து வரும். எந்த ஊர் எங்கே இருக்கிறது என்பது முதல் நாளே மனசில் பதிந்துவிடும். பஸ் மணிக்கு ஒன்றுதான் என்பதால் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

லெவன் போக கிர்க்கால்டி வழி ரயிலைப் பிடித்து, போகும் திசையில் வலது பக்க சன்னலில் உட்காருங்கள். 1890இல் திறந்த ஃபோர்த் பாலத்தைக் கடந்ததும் பர்ன்டிஐலண்ட், கிங்ஹார்ன் ஊர்களில் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறவர்கள் நகரத்துக்குள் போக வேண்டியதில்லை. டிராமில் ஏறி எடின்பரோ கேட்வே நிலையத்தில் இறங்கினால் ஃபைஃப் பக்கம் போகும் பல ரயில்கள் அங்கே நிற்கும்.

கார் எடுத்தால் எடின்பரோவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுவது, இந்திய உரிமத்தில் 12 மாதம் வரை ஓட்டலாம். ஆனால் துறைமுகத்துக்குக் கீழே மட்டும் காரை இறக்காதீர்கள். தெரு குறுகல், திருப்ப இடம் கிடையாது, உள்ளூர்க்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

பெட்டியில் என்ன

குடை வேண்டாம். இங்கே மழை மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் அடிக்கும், முதல் காற்றிலேயே குடை மடங்கிவிடும். தொப்பி வைத்த நீர்புகா ஜாக்கெட், அதற்குள் மெல்லிய கம்பளிச் சட்டை, அடியில் ஒரு பனியன் என்று அடுக்காகப் போடுங்கள். காலையில் எல்லாம் வேண்டும், மதியம் இரண்டைக் கழற்றுவீர்கள், நாலு மணிக்குத் திரும்ப மாட்டுவீர்கள். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் நடைக்காலணி அவசியம். ஊட்டிக்கு எடுத்துப் போகும் குரங்குக் குல்லா இருந்தால் தாராளமாகக் கொண்டுவாருங்கள், கடற்கரைப் பாதையில் யாரும் சிரிக்கப் போவதில்லை.

முதல் நாள்: ஊருக்குள்ளேயே

வந்த அன்று வேறெங்கும் போகாதீர்கள். காசில் வாக் என்ற மதிலோரப் பாதை வழியே துறைமுகத்துக்கு இறங்குங்கள். படிக்கட்டு வைத்ததுபோல் ஓரம் வெட்டிய முக்கோணச் சுவர்கள், செம்மண் ஓடு வேய்ந்த கூரைகள், கீழே துறைமுகச் சுவரில் ஆளுயரத்துக்கு அடுக்கிய நண்டுக்கூடுகள். அந்தக் கூடுகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரும்புச் சட்டத்தைச் சுற்றிப் பழைய ரப்பர் வரிந்திருக்கும், அதன்மேல் நைலான் வலை, உள்ளே போக மட்டும் வழிவிடும் புனல் மாதிரி வாய், இரை கட்ட ஒரு பட்டை. இன்றைக்கும் இந்தத் துறைமுகத்தின் பிழைப்பு நண்டும் சிங்கி இறாலும்தான்.

கரையிலேயே ஒரு சின்னக் கொட்டகையில் நண்டையும் சிங்கி இறாலையும் சமைத்துத் தருவார்கள். எல்லா நாளும் திறந்திருக்காது. கடல் அனுமதிக்க வேண்டும், சீசன் முடியாமல் இருக்க வேண்டும். திறந்திருப்பதைப் பார்த்தால் சாப்பாட்டு நேரம் பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

மேலே கடைத்தெருவில் டோல்பூத் என்ற பழைய ஊர் மண்டபக் கோபுரத்தின் உச்சியில் காற்றுத் திசைகாட்டியை அண்ணாந்து பாருங்கள். வழக்கமான சேவல் இருக்காது, ஒரு மீன் இருக்கும். ஹாடக் மீனைக் காயவைத்து விற்றுப் பிழைத்த ஊர் இது. கருவாட்டைக் கோபுரத்தில் ஏற்றி வைத்த ஊரை நமக்குப் பிடிக்காமல் போகுமா?

அப்புறம் மார்க்கெட்கேட் தெருவில் மரங்களுக்கிடையே நடந்தால் ஊர்த் தேவாலயம். வாசலுக்குப் பக்கத்தில் நீலச்சாயல் கொண்ட ஒரு பெரிய கல் கிடக்கும். எதிரே கடலில் தெரியும் மே தீவிலிருந்து சாத்தான் இந்தத் தேவாலயத்தைக் குறிபார்த்து எறிந்த கல், குறி தவறி விழுந்தது என்பது ஊர்க் கதை.

இரண்டாம் நாள்: ஆன்ஸ்ட்ரத்தரிலிருந்து நடை

ஃபைஃப் கடலோர நடைபாதை மொத்தம் 188 கிலோமீட்டர். அதில் நமக்கு வேண்டியது ஆன்ஸ்ட்ரத்தருக்கும் கிரேலுக்கும் இடையே சுமார் ஆறரை கிலோமீட்டர். பலர் கிரேலில் தொடங்கி அங்கே போய் பஸ்ஸில் திரும்புவார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். காலையில் பஸ்ஸில் ஆன்ஸ்ட்ரத்தர் போய், அங்கிருந்து கிரேலை நோக்கி நடந்து வாருங்கள். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும், அப்போது அது முதுகுப்பக்கம் இருக்கும். முடிவில் பஸ்ஸுக்காக ஓட வேண்டியதும் இல்லை, வீட்டு வாசலில் நடை முடிந்துவிடும்.

ஆன்ஸ்ட்ரத்தரில் ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கரையோரமாக ஊர் ஊராகப் போய், மீனைக் கீறிச் சுத்தம் செய்து உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்கிய பெண்களின் வாழ்க்கையை அங்கே காணலாம். கத்தி படாமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். கடலுக்குப் போனவனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளாத அருங்காட்சியகம் என்பதாலேயே எனக்கு இது பிடிக்கும்.

மதியம் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். இந்தக் கரையில் ஹாடக்தான் மீன், காட் என்ற இன்னொரு மீனைக் கேட்காதீர்கள். ஸ்காட்லாந்தில் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், உருளைக்கிழங்கையும் சேர்த்துத்தான். வேண்டாம் என்பவர்கள் வரிசையில் நிற்கும் முன்பே கேட்டுவிடுங்கள், தயங்காமல் சொல்வார்கள். வாங்கியதை வெளியே உட்கார்ந்து சாப்பிட்டால் கடற்காகங்கள் மீது ஒரு கண் இருக்கட்டும். கையிலிருந்தே பிடுங்கும்.

அங்கிருந்து செல்லர்டைக் என்ற குட்டித் துறைமுகத்தைத் தாண்டியதும் ஊர் முடிந்து பாதை கடலோரப் புல்வெளிக்கு வரும். வழியில் கேப்லி குகைகள். காற்றும் அலையும் அரித்த மணற்பாறை, உள்ளே சுவரில் பழங்காலத் துறவிகள் செதுக்கிய சிலுவைகள். ஒரு பக்கம் அறுவடை முடிந்த பார்லி வயல், இன்னொரு பக்கம் கரும்பாறைக் கரை, வேலியோரம் முழுக்கப் பழுத்த கருநாவல் நிறத்து முட்பழங்கள். பறித்துத் தின்னலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தலைக்கு மேலே கூச்சல் கேட்டால் நிமிர்ந்து பாருங்கள். ஐஸ்லாந்திலிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வரும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் செப்டம்பர் நடுவிலிருந்து அம்பு வடிவில் பறந்து வரும். கடல் பக்கம் வெள்ளையாக ஏதாவது செங்குத்தாகத் தண்ணீரில் குத்தினால் அது கானட் என்ற கடற்பறவை. எதிர்க்கரையை ஒட்டிய பாஸ் ராக் பாறைத் தீவில் அவற்றின் மாபெரும் குடியிருப்பு ஒன்று உண்டு.

மெதுவாக நடந்தால் இரண்டரை மணி நேரம்.

மூன்றாம் நாள்: மே தீவா, ஈலிச் சங்கிலியா?

பஃபின் பறவையைப் பார்க்கத்தான் மே தீவுக்குப் போகிறீர்கள் என்றால் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: செப்டம்பரில் பஃபின் இருக்காது, ஆகஸ்டிலேயே கிளம்பிவிடும். ஆன்ஸ்ட்ரத்தரிலிருந்து போகும் படகுகள் செப்டம்பர் கடைசி வரை ஓடும். அதன் பிறகு சாம்பல் நிறக் கடல்நாய்கள் குட்டி போடும் காலம் என்பதால் தீவை மூடிவிடுவார்கள். பறவைக் கூட்டம் இல்லாத தீவிலும் பார்க்க விஷயம் உண்டு. ராபர்ட் ஸ்டீவன்சன் 1816இல் கட்டிய, கோட்டை மாதிரி தெரியும் கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. 1636இல் நிலக்கரியை எரித்து வழிகாட்டத் தொடங்கிய ஸ்காட்லாந்தின் முதல் கலங்கரை விளக்கத்தின் மிச்சமும் இருக்கிறது. தீவில் கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். முந்தின நாள் மாலையே படகு போகுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அலை அதிகம் என்றால் ரத்து செய்துவிடுவார்கள், அதில் வாதாடிப் பயனில்லை.

படகு இல்லாவிட்டால், அல்லது கடல் மட்டம் சாதகமாக இருந்தால், ஈலி. அங்கே பாறை முகத்தில் இரும்புச் சங்கிலிகளைப் பதித்து, அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கிக் கடப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தூரம் அரை கிலோமீட்டரை ஒட்டித்தான், ஆனால் கைக்கும் காலுக்கும் வேலை. நன்றாக வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கி, கடல் திரும்பும் முன் வெளியேறிவிட வேண்டும். ஏறும் கடலில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை மீட்புப் படகு வந்து எடுத்த சம்பவங்கள் உண்டு. சின்னக் குழந்தைகள், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே குன்றுப் பாதையில் போகலாம், காட்சி அங்கிருந்தும் நன்றாக இருக்கும். ஏதாவது அசம்பாவிதம் என்றால் 999ஐ அழைத்து கோஸ்ட்கார்டு (கடலோரக் காவல் படை) வேண்டும் என்று கேளுங்கள்.

திரும்பும் வழியில் செயின்ட் மொனன்ஸில் இறங்கி, இரண்டாம் டேவிட் மன்னன் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயத்தைப் பாருங்கள். அலைக்கு அவ்வளவு பக்கத்தில் கோயில் கட்ட ஒரு துணிச்சல் வேண்டும். உள்ளே கூரையிலிருந்து கப்பலின் சிறு மாதிரி வடிவம் ஒன்று தொங்கும். அங்கிருந்து பிட்டன்வீம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நடை. இந்தக் கரையில் மீன்பிடிப்பு இன்னும் ஊரின் முக்கியத் தொழிலாக நடக்கும் துறைமுகம் அதுதான். காலையிலேயே போனால் படகுகளின் வேலையைப் பார்க்கலாம்.

நான்காம் நாளுக்குத் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். முதல் மூன்று நாளில் ஒன்றை மழையும் காற்றும் எடுத்துக்கொள்ளும், அதற்கு ஈடுகட்ட இது. வானம் தெளிவாகவே இருந்துவிட்டால் செயின்ட் ஆன்ட்ரூஸ் அரைமணி நேர பஸ் தூரம்.

சில்லறை விஷயங்கள்

ராத்திரிச் சாப்பாட்டை ஆறரை, ஏழுக்கே முடித்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கெல்லாம் பல சமையலறைகளை மூடிவிடுவார்கள். சைவம் என்றால் சூப், சீஸ் சேர்த்த மக்ரோனி, ஸ்காட்லாந்தின் இறைச்சிப் பண்டமான ஹாகிஸின் சைவ வடிவம் கிடைக்கும். மூன்றாம் நாள் அது அலுத்துப்போகும்போது மேலே சொன்ன சாம்பார்ப் பொடி கைகொடுக்கும். செப்டம்பர் கடைசி நெருங்க நெருங்கச் சில கடைகள் வாரத்தில் பாதி நாள் மட்டுமே திறக்கும் என்பதால் போகும் முன் பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலும் எல்லா இடத்திலும் கார்டு தேய்க்கலாம், பஸ்ஸிலும்தான். துறைமுகக் கொட்டகைக்கும் வீட்டு வாசலில் ஜாம், முட்டை வைத்து விற்கும் உண்டியல் பெட்டிக்கும் கொஞ்சம் சில்லறை வேண்டும். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தனித்தனியாக நோட்டு அடிக்கின்றன. செல்லும் பணம்தான், ஆனால் ஊருக்குக் கொண்டுவந்தால் பணம் மாற்றும் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பார். கிளம்பும் முன் கடைசி நோட்டையும் எடின்பரோவிலேயே செலவழித்துவிடுங்கள்.